நனையாச் சட்டை

பங்குனி மாதத்தில், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாட்களில், நண்டுமுந்தல் கடல் சில்லிட்டுப் போனது. காலையில் வள்ளம் தள்ள இறங்கிய ஆண்கள் முழங்கால் நனைந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கரையேறி, வீட்டுக்குப் போய், கல்யாணம் காட்சிக்கு மட்டும் மாட்டுகிற காலுறைகளைப் பெட்டிக்கடியிலிருந்து தேடியெடுத்து மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து, வழக்கம்போலச் சத்தம் போட்டு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு தொழிலுக்குப் போனார்கள். "தண்ணி இன்னைக்குக் கொஞ்சம் சில்லுன்னு கெடக்கு" என்று ஒருவன் போகிற போக்கில் பெண்டாட்டியிடம் சொன்னான். "அப்ப அந்த மோர்ச் செம்ப முக்கி வச்சுட்டுப் போங்க" என்றாள் அவள். ஊரில் அன்றைக்கு அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

ஆனால் அவர்களுக்கெல்லாம் முன்னால், கிழக்கு வெளுக்கும்போதே கரையில் ஒதுங்கிய பாசியைப் பொறுக்கப் போன நம்புநாயகிதான் அதை முதலில் அறிந்தவள். ஓர் அலை வந்து பாதத்தை நனைத்துவிட்டுப் போனது, பாதம் யாருடையதோ என்கிற மாதிரி மரத்துப் போனது, அவள் குனிந்து கையை விட்டுப் பார்த்தாள், பிறகு சாக்கை உதறிக்கொண்டு பாசி பொறுக்குவதைத் தொடர்ந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று ஒன்றும் இல்லை, சொல்ல ஆள் இல்லை. ஊர்ப் பெண்கள் அவளிடம் பேசுவது "நகரு", "இந்தா", "கொழாயில தண்ணி வருது" என்ற அளவோடு நின்றுபோய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது.

அதற்குக் காரணம் அவள் கழுத்தில் கிடந்தது. அவள் புருஷன் சேதுராசு ஓர் ஐப்பசியில் கடலுக்குப் போனவன், வள்ளம் மட்டும் பிறகொரு நாள் தானாக வந்து மணலில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஊர் பொறுக்கிற மட்டும் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாலி இறக்க நாள் குறித்தது. சேதுராசுவின் அக்கா பூமயில், பாசி எடுக்கும் பெண்களின் சங்கத் தலைவி, நாலு பெண்களோடு வெள்ளைச் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தபோது நம்புநாயகி வாசலில் குறுக்கே நின்று, "ஒடம்பக் காட்டுங்க, கழட்டுறேன்" என்றாள். உடம்பு கடலிடம் இருந்தது. தாலி கழுத்திலேயே இருந்தது. தாலி இறங்காத வீட்டுச் சாவுக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது என்பது நண்டுமுந்தலின் வழக்கம், உயிரோடு இருப்பவனை அழுது கொன்றுவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். அதனால் கூடப்பிறந்த தம்பிக்காக வாய்விட்டு ஒரு மூச்சு அழ பூமயிலால் முடியாமல் போயிற்று. எந்த ஊர்ச் சாவுக்கும் போய் முதல் ஆளாக மாரில் அடித்துக்கொள்கிற பூமயில், தன் வீட்டுச் சாவை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள், அந்த அழுகை போக வேண்டிய வழியெல்லாம் கோபம் போய்க்கொண்டிருந்தது.

கடல் விஷயத்துக்கு வருவோம். அந்தக் குளிர் கரையிலிருந்து பார் வரைக்கும்தான் இருந்தது. பார் என்பது கடலுக்குள் கிடக்கிற பவளப்பாறைத் தொடர், அதைத் தாண்டிவிட்டால் தண்ணீர் பழையபடி வெதுவெதுப்பாகக் கிடந்தது. ஆண்கள் பாருக்கு அந்தப் பக்கம் மீன் பிடிக்கிறவர்கள், பெண்கள் பாருக்கு இந்தப் பக்கம் மூழ்கிப் பாறையில் விளைகிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கிறவர்கள். ஆக, ஆம்பளைக் கடல் சூடாகவும் பொம்பளைக் கடல் குளிராகவும் பாகம் பிரிந்துபோனது, யாருக்குப் பிழைப்பு போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஊர் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஐஸ் கம்பெனிக்காரர் ஒரு வாரம் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்துவிட்டு, அதே தொட்டியில் வெந்நீர் காய்ச்சி, கரையேறுகிறவர்களின் காலில் ஊற்றிவிட ஆரம்பித்தார், முன்னைவிடக் கூட்டம் சேர்ந்தது. ஆளாளுக்குச் சோடாப் புட்டியையும் பால் சட்டியையும் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கி வைத்ததில் யார் கயிறு எது என்ற சண்டை வந்து, அதன் பிறகு கயிற்றில் அவரவர் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டார்கள். காளியம்மன் கோயில் பூக்குழித் திருவிழாவில் நெருப்பில் நடந்தவர்கள் ஓடிவந்து கடலில் கால் வைத்ததும் புஸ்ஸென்று ஆவி எழும்பியது, இத்தனை வருஷம் அது மட்டும்தான் குறையாக இருந்தது என்று பூசாரி சொன்னார். கல்லூரியிலிருந்து வந்தவர்கள் ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள், தட்டினார்கள், பேட்டரியை மாற்றினார்கள், கருவி கெட்டுவிட்டது என்று சொல்லி நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மதுரையிலிருந்து புதுமணத் தம்பதிகள் கொடைக்கானலுக்குப் போகிற செலவை மிச்சம் பிடித்து இங்கே வந்தார்கள், அவர்கள் பின்னாலேயே ஸ்வெட்டர் விற்கிறவர்களும் குரங்குக் குல்லா விற்கிறவர்களும் வந்து, கோடையின் உச்சத்தில் கருவாடு காய்கிற மணலில் கடை விரித்தார்கள். எல்லாரும் அதற்குப் பழகிவிட்டார்கள். முன்பு கடல் எப்படி இருந்தது என்று கேட்டால், "இப்பிடித்தான், கொஞ்சம் முன்னப் பின்ன" என்று சொல்லுமளவுக்குப் பழகிவிட்டார்கள்.

பெண்களால்தான் பழக முடியவில்லை. மூழ்கிப் பார்த்தார்கள், ஒரு முங்குக்குள் விரல் மடங்காமல் போனது, பாறையைப் பிடித்த கை பாறையைப் பிடித்திருக்கிறதா என்றே தெரியவில்லை. கீழே பாசியோ குளிரில் குஷி கண்டு நெற்பயிர் மாதிரி நின்று அசைந்துகொண்டிருந்தது. அதை மேலிருந்து பார்த்துவிட்டு, தூக்குச்சட்டியோடு லாரியேறி, முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்ப் பழம் பறிக்கப் போனார்கள். சாயங்காலம் எரிகிற கையோடு வந்து பிள்ளைகளைத் தூக்கவும் முடியாமல், தூக்காமல் இருக்கவும் முடியாமல், புறங்கையால் அணைத்துக்கொண்டார்கள்.

பூமயில்தான் எங்கோ கேட்டுவந்து சொன்னாள். பனி உறைகிற கடலிலும் ஆட்கள் மூழ்குகிறார்களாம், அதற்கென்று ஒரு சட்டை இருக்கிறதாம், தலையும் கையும் தவிர உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாதாம். தூத்துக்குடியிலிருந்து கர்டோசா என்பவரை வரவழைத்தார்கள். அவர் கப்பலின் அடிவயிற்றைச் சுரண்டுகிற முக்குளிப்பாளர்களுக்குச் சாமான் விற்கிறவர், ஒல்லியானவர், சாமானை விற்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதில் ஆசை அதிகம் உள்ளவர். சங்கக் கட்டடத்தில் பாயை விரித்து இரண்டு மாதிரிகளைப் படுக்கப்போட்டார்.

"இது கனத்த ரப்பர், யம்மா. பஞ்சு மாதிரி. இதுவே சூடு குடுக்கும். ஆனா வெரைப்பா இருக்கும், காய நாளாகும். இது மெலிசு, மழைக்கோட்டு மாதிரி. இது தண்ணிய மட்டுந்தான் தடுக்கும், குளிரத் தடுக்காது. உள்ள கதகதப்பா நீங்கதான் துணி போட்டுக்கிடணும்."

"துணி எங்ககிட்ட இருக்கு" என்றாள் பூமயில். மெல்லியது முடிவாயிற்று. ஜிப்பு முன்பக்கம் குறுக்காக இருந்தால் தானே மூடிக்கொள்ளலாம், முதுகில் இருந்தால் இன்னொருத்தர் மூட வேண்டும், எது வேண்டும் என்று அவர் கேட்டபோது, பெண்கள் அதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தார்கள். கூட ஒருத்தி இல்லாமல் கடலில் இறங்குகிற வழக்கம் அங்கே கிடையாது. முதுகு ஜிப்பு முடிவாயிற்று. கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் பலூன் மாதிரி மெல்லிய ரப்பர் வளையம், தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டு அதுதான் தண்ணீரை உள்ளே விடாது, நகம் பட்டால் கிழிந்துவிடும் என்றார். எல்லாரும் தங்கள் நகங்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகுதான் அந்தத் தவறு நடந்தது. சங்கத்துக்கு ஒரு சட்டைதான் கட்டுப்படியானது. உள்ளே போடுகிற துணியோடு அளவெடுக்க வேண்டும் என்று கர்டோசா சொல்லியிருந்ததால், பெண்கள் அத்தனை பேரும் புருஷன்மார்களின் பேண்ட்டு, இரண்டு பாவாடை, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா சகிதம் வேர்த்து விறுவிறுத்து வரிசையில் நிற்க, பூமயில் டேப்பைப் பிடித்து அளவைச் சொல்ல, கர்டோசா மரியாதையாகச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு குறித்துக்கொண்டார். அப்புறம் யார் அளவுக்குத் தைப்பது என்ற கேள்வி வந்தது. ஒருத்தி அளவுக்குத் தைத்தால் சட்டை அவளுடையதாகிவிடும், மற்றவர்கள் காலம் பூராவும் அவளை இரவல் கேட்டு நிற்க வேண்டும். ரேஷன் சர்க்கரையைக்கூடத் தராசு பார்த்துப் பங்கு போடுகிற சங்கம் அது.

"எல்லா அளவையும் கூட்டி, ஆளுக்குச் சமமா வகுத்துப் போடுங்கய்யா" என்றாள் பூமயில்.

"அப்பிடித் தச்சா யாருக்குமே சேராதே, யம்மா."

"எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சேரும். சண்டை வராது."

அவர் செல்போனைத் தட்டிக் கூட்டினார், வகுத்தார், தலையை ஆட்டிக்கொண்டே போனார். சங்கத்தை விட்டு எப்போதோ விலகிவிட்ட நம்புநாயகியை யாரும் அளக்கவில்லை, யாருக்கும் அது தோன்றவும் இல்லை.

சட்டை ஆடிக் காற்று தணிகிற சமயத்தில் வந்து சேர்ந்தது. கறுப்பாக, கைகால்களோடு, தலையில்லாத ஓர் ஆள் பாயில் படுத்திருப்பதுபோல் கிடந்தது. குழந்தைகள் அதற்கு நனையாச் சட்டை என்று பேர் வைத்தார்கள். முதல் நாள் முத்துராக்கு என்பவள் அதைப் போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து எழுந்ததும் "ஐயோ, நெஞ்சுல ஓடுது" என்று கத்தினாள். கர்டோசா கழுத்து வளையத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். தாலிக்கயிறு வளையத்துக்கு அடியில் போயிருந்தது, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்தக் கயிறு கடலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"கழுத்துல ஒரு மயிரிழை கூட இருக்கக் கூடாது. நான் அப்பவே சொல்லியிருக்கணும்" என்றார் அவர், குற்றவாளி மாதிரி.

கயிறு மாற்றும்போதுகூடப் புதியதைக் கட்டிய பிறகே பழையதை அவிழ்க்கிறவர்கள் அவர்கள், கழுத்து ஒரு கணம் வெறுமையாக இருந்தது கிடையாது. ஊர் கூடிப் பேசியது, பூசாரியிடம் கேட்டது, கடைசியில் ஒரு சட்டம் பிறந்தது. தாலி கழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டினவன் கையில் இருக்க வேண்டும். அவள் தண்ணீரில் இருக்கும்வரை அவன் கரையில் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், பீடி குடிக்கக் கூடாது, சீட்டாடக் கூடாது, மீசையை முறுக்கக்கூடக் கையை விடக் கூடாது, அவள் கரையேறியதும் மறுபடி கட்டிவிட வேண்டும். அதன் பிறகு தினமும் சாயங்காலம் கடற்கரையில் ஒரு கல்யாணம் நடந்தது. ஆண்கள் முடிச்சு வராமல் திணறி, "யக்கா, இங்க வா, மிச்ச ரெண்டையும் போடு" என்று அக்கா தங்கைகளைக் கூப்பிட, பிள்ளைகள் அட்சதைக்குப் பதில் மணலை எறிந்தார்கள்.

எல்லாம் செய்தும் சட்டை யாருக்கும் சேரவில்லை. பூமயிலுக்கு வயிற்றில் இறுகி உட்கார முடியவில்லை. தாலிச் சிக்கல் இல்லாத விதவை பாக்கியத்துக்குத் தோள் ஏறவில்லை. குள்ளமான செல்லாயிக்குத் தொளதொளவென்று கிடந்து, இறங்கியதும் காற்றெல்லாம் காலுக்கு ஓடி, தலைகீழாகப் புரண்டு, இரண்டு பாதங்களும் ஆகாயத்தைப் பார்க்க மிதந்தவளை வள்ளத்தில் போய் இழுத்து வந்தார்கள். அவள் புருஷன் தாலியை விடாமல் ஒரே கையால் இழுத்தான், அதை ஊர் மெச்சிக்கொண்டது.

அன்றைக்கு மணலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கர்டோசா, கரையோரமாகச் சாக்கோடு போய்க்கொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்து மெதுவாக எழுந்து நின்றார்.

"அது யாரு?" என்றார். "என் அளவு நடந்து போகுதே!"

எல்லாரையும் கூட்டி வகுத்த அந்த உடம்பு, யாரும் கணக்கில் சேர்க்காத நம்புநாயகியின் உடம்பாக இருந்தது.

மறுநாள் காலையில் பூமயில் போனாள். அந்த வாசலை அவள் மிதித்து ஆறேழு வருஷம். "நம்பு, இருக்கியா?" என்றாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"உள்ள வாங்க மதினி."

"இல்ல, இங்கயே நிக்கிறேன். சட்டை ஒன்னு வந்துருக்குல்ல. ஒனக்குத்தான் சேரும்ங்குறாரு அந்த ஆளு."

"எனக்குத்தான் காது வலியாச்சே. நான் முங்குறதில்லையே."

"ஒங்காதுக்கு ஒன்னுமில்லன்னு எனக்குத் தெரியும்."

நம்புநாயகி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். ஊரில் அவளைப்போல் மூச்சுப் பிடிக்க ஆள் இல்லை என்று ஒரு காலத்தில் பேர். சேதுராசு போன பிறகு அவள் தலை தண்ணீருக்குள் போனதே இல்லை. காது என்று சொல்லிக்கொண்டாள். கீழே போனால் அவரைப் பார்த்துவிடுவோமோ என்ற பயத்தை யாரிடம் சொல்வது?

"பிள்ளையத் தூக்க முடியல நம்பு, ஒருத்தியாலயும். கை அப்பிடி எரியுது" என்றாள் பூமயில்.

"தாலிக்கு என்ன செய்வீக? கட்டுனவுக கையில குடுக்கணும்னு சட்டமாமே. கட்டுனவுகளக் கூட்டிட்டு வாங்க, குடுக்குறேன்."

பூமயிலின் முகம் கறுத்துப்போனது. திரும்பி நடந்தாள். ஆனால் மறுநாள் நம்புநாயகி தானாகச் சங்கக் கட்டடத்து வாசலில் வந்து நின்றாள். ஊருக்காக என்று அவள் சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் இல்லை. உண்மையில் அவளுக்குக் கடல் வேண்டியிருந்தது. பசிக்கிற மாதிரி வேண்டியிருந்தது.

உள்ளே இரண்டு பாவாடையைக் கத்தரித்துக் கால்சட்டையாகத் தைத்ததையும், முத்துராக்கு கொடுத்த ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டாள். கழுத்திலும் மணிக்கட்டிலும் பவுடர் பூசி, நகம் வெட்டி, தோட்டைக் கழற்றி, கூந்தலை உச்சியில் இறுக்கி முடிந்தார்கள். கால் நுழைந்தது, கை நுழைந்தது, ரப்பர் வளையத்துக்குள் தலையை விட்டபோது ஒரு கணம் உலகம் இருண்டு, பிறகு 'பொளக்' என்று வெளியே வந்தாள். பூமயில் பின்னால் போய் ஜிப்பை இழுத்து மூடினாள். கர்டோசா ஒவ்வொன்றாகச் சொன்னார். ரெண்டு கையாலயும் ஒங்களையே கட்டிப் பிடிங்க. முழங்கால் போடுங்க. ஏணி ஏறுற மாதிரி காலத் தூக்குங்க. நெஞ்சுப் பித்தானத் தொடுங்க, காத்து உள்ள வரும். இடது தோள் வால்வத் தொடுங்க, காத்து வெளிய போகும். எல்லா இடமும் கைக்கு எட்டியது, எந்த இடமும் இழுக்கவில்லை, எந்த இடமும் தொங்கவில்லை. "இப்ப கழுத்து வளையத்துல ஒரு வெரல விட்டுக் குத்தவச்சு உக்காருங்க, உள்ள இருக்குற காத்துப் போகட்டும்" என்றார். அவள் உட்கார்ந்ததும் கழுத்து வழியே காற்று வெளியேறிய சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டு முதலில் செல்லாயி சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், நம்புநாயகியும் சிரித்தாள். சட்டைக்குக் காற்றடித்து, சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் பார்க்கிற மாதிரி சோப்பு நுரை தடவிப் பார்த்தார் கர்டோசா. எங்கேயும் குமிழி வரவில்லை, கழுத்தைத் தவிர. அங்கே கயிறு இருந்தது.

ஊருணியில் வைத்துப் பழக்கினார். முதுகில் சிலிண்டர், வாயில் குழாய், முகத்தில் முங்குகிற கண்ணாடி, தலைக்கும் கைக்கும் ரப்பர் உறை, இடுப்பில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளைக் கோத்த வார். அதுவரை மூச்சைப் பிடித்தே மூழ்கியவளுக்குத் தண்ணீருக்குள் மூச்சு விடுவது முதலில் ஏதோ தப்புச் செய்வதுபோல் இருந்தது, பிறகு பழகிவிட்டது. தினமும் கரையேறும்போது ஸ்வெட்டர் நெஞ்சோடு நனைந்திருந்தது. "ஊருணியில பரவாயில்ல, யம்மா. கடல்ல நனைஞ்ச துணி ஒங்கள உள்ளயிருந்தே கொல்லும்" என்றார் அவர். அதற்கு மேல் சொல்ல அவருக்கு உரிமை இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

கடலில் இறங்குகிற காலையில் ஊரே கரைக்கு வந்துவிட்டது. ஸ்வெட்டர் விற்கிறவர்கள்கூடக் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார்கள். நம்புநாயகி சட்டையை இடுப்புவரை ஏற்றிக்கொண்டு நின்றாள், மேல்பாதி பின்னால் தொங்கியது. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள், தாலியை நான் பிடிக்கிறேன் என்று எவனாவது ஒரு கையை நீட்டித் தொலைத்துவிடுவானோ என்று அவரவர் மனைவிமார் அவரவர் புருஷனைப் பார்த்தார்கள். பூசாரி கனைத்துவிட்டுச் சும்மா இருந்தார். இதற்குச் சட்டம் இல்லை.

நம்புநாயகி பூமயிலின் முன்னால் போய் நின்றாள்.

"மூணு முடிச்சுல ரெண்டு நீங்க போட்டது மதினி" என்றாள். "கட்டுனவுக இல்லாட்டி, முடிச்சுப் போட்டவுக புடிங்க."

பூமயில் அவள் பின்னால் போனாள். மஞ்சளும் உப்பும் ஏறிக் கயிறு கல்லாகியிருந்தது, தலைவழியே உருவவும் முடியாது, நகத்தால் அவிழவில்லை, அவள் குனிந்து பல்லால் நெருடி ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அவள் மூச்சு நம்புநாயகியின் கழுத்தில் பட்டது. கயிறு இறங்கியதும் பூமயில் அதை உள்ளங்கையில் சுருட்டிப் பொத்திக்கொண்டு, மறுகையால் நம்புநாயகியின் வெறுங்கழுத்தில் பவுடர் பூசி, வளையத்தை மடித்துவிட்டு, ஜிப்பை மற்றொருத்தியை மூடச் சொன்னாள். ஒரு கையை விட முடியாதே.

தண்ணீர் தலைக்கு மேல் மூடியது. முகம் மட்டும் சுரீரென்றது, மற்றபடி உடம்பில் ஒரு சொட்டு இல்லை. இறங்க இறங்கச் சட்டை நாலு பக்கமும் வந்து அணைத்தது, அவள் நெஞ்சுப் பித்தானை அழுத்தினாள், அணைப்பு இளகியது. குளிரில் கடல் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. இடுப்பளவு உயரப் பாசி, பாறை தெரியாமல், ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அவள் வலைப்பையை விரித்து, வேரை விட்டுவிட்டு நுனியாகப் பிய்த்துப் போட்டாள். கை தன் வேலையை மறக்கவில்லை.

பை நிறைந்த பிறகுதான் ஆழமான பக்கம் திரும்பினாள். அதுவரை திரும்பவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பார் முடிந்து மணல் சரிகிற இடம், அவள் இத்தனை வருஷம் நினைத்து நினைத்துப் பயந்த இடம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பார்த்தாள். மணல் இருந்தது, ஒரு கல் இருந்தது, ஒரு மீன் போயிற்று. அவர் இல்லை. எலும்பாக இல்லை, வேட்டித் துணியாக இல்லை, ஆளாகவும் இல்லை. பார்த்துவிடுவோமோ என்ற பயம் அவளைவிட்டுக் குமிழியோடு குமிழியாக மேலே போயிற்று, இனிமேல் பார்க்கவே மாட்டோம் என்ற துக்கம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. கண்ணாடிக்குள் கண்ணீர் நிறைந்தது. உள்ளே வந்த தண்ணீர் அன்றைக்கு அது ஒன்றுதான்.

மெதுவாக மேலே வந்தாள். தலை வெளியே வந்ததும் சத்தம் கேட்டது. ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். பூமயில் முழங்காலளவுக் குளிர்ந்த கடலில், சேலை நனைய, பொத்திய கையை மாரோடு வைத்துக்கொண்டு, மறுகையால் அடித்துக்கொண்டு, "என்னப் பெத்த ராசா, எங்கூடப் பொறந்தவனே" என்று தம்பியைப் பேர் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அழ வேண்டும் என்று நினைத்து அவள் தாலியை வாங்கவில்லை, அது கையில் வந்ததும் அழுகை தானாக வந்துவிட்டது, ஆறேழு வருஷ அழுகை. மற்ற பெண்கள் அவளைச் சுற்றி ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, அதே குளிரில் கால் விறைக்க நின்று, வளைந்து வளைந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஆண்கள் காலுறைகளோடு தள்ளி நின்றார்கள்.

நம்புநாயகியைப் பார்த்ததும் பூமயில் வாயைப் பொத்திக்கொண்டாள். "தாயி, நான் வேணும்னு அழுகலடி" என்றாள். "அவன் இருக்கான்னு நீ சொல்றப்ப நான்..."

"அழுங்க மதினி" என்றாள் நம்புநாயகி.

ஜிப்பைத் திறந்து சட்டையை இடுப்புக்கு இறக்கினார்கள். உள்ளே ஸ்வெட்டர் காய்ந்தே இருந்தது, பூமயில் அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு கையை விரித்தாள், மஞ்சள் உள்ளங்கை முழுக்க ஒட்டியிருந்தது. நம்புநாயகி குனிந்து கழுத்தைக் காட்டினாள். பூமயில் கயிற்றைப் பின்னால் கொண்டுபோய் ஒரு முடிச்சுப் போட்டாள், அதன்மேல் இன்னொன்று போட்டாள். கை அங்கேயே நின்றது.

"ரெண்டுதான் என்னோடது" என்றாள். "மத்தது..."

"ரெண்டு போதும் மதினி."

பிறகு நம்புநாயகி நிமிர்ந்து, கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த இரண்டு முடிச்சையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பாசிப் பையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையைப் பூமயில் பிடித்தாள்.